ஒரே கணக்கு, பதினொரு பேர்: ஏஐ விதி எழுதிய கதை

திருப்பூரில் எங்களுடையது பதினொரு பேர் கொண்ட பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். போன மாதம் ஜெர்மனி பையருக்கு (எங்களிடம் ஆடை வாங்குபவர்) போன மின்னஞ்சலில், வேறொரு பையருக்குச் சொன்ன 2.85 டாலர் விலை இருந்தது. இரண்டு வாரத்தில் இது மூன்று முறை நடந்தது.

ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பழைய கடிதத்தைப் பார்த்து எழுதியிருப்பார் என்று நினைத்து, கோப்புகளைத் துழாவியதில் இரண்டு நாள் போனது. பிறகு, கடிதம் எழுத எல்லோரும் பயன்படுத்திய ஏஐ செயலிக்குத் தடை போட்டேன். எல்லோரும் சொந்த செல்போனில் பயன்படுத்தினார்கள். கடிதங்களின் வழவழப்பிலேயே அது தெரிந்தது. அடுத்து, இணையத்திலிருந்து ஆறு பக்க விதிமுறையை இறக்கிக் கையெழுத்து வாங்கினேன். அதை யாரும் படிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும்தான்.

தற்செயலாக அந்தச் செயலியின் அமைப்புகளில், நாம் தட்டச்சு செய்ததை அது நினைவில் வைத்திருக்கும் 'நினைவகம்' என்ற பக்கத்தைத் திறந்தேன். "180 ஜிஎஸ்எம் டி-ஷர்ட், 2.85 டாலர்" என்று அங்கே பதிவாகியிருந்தது (ஜிஎஸ்எம் என்பது துணியின் எடை அளவு). சிக்கனம் பார்த்து நான் தொடங்கிய ஒரே கணக்கில்தான் அத்தனை பேரும் நுழைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தட்டச்சு செய்தது மற்றவர் கடிதத்தில் முளைத்திருக்கிறது.

ஆளுக்கொரு கணக்கு கொடுத்தேன். நினைவகத்தையும், உரையாடல்களை ஏஐ-யின் பயிற்சிக்கு எடுக்கும் அனுமதியையும் அணைத்தேன். விதி இப்போது அரைப் பக்கம், பிரிண்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறது: பையர் பெயர், விலை, தொழிலாளர் ஆதார் எண் எதையும் உள்ளிடக் கூடாது. அந்த இடத்தில் புள்ளி வைத்து, எண்ணைக் கடைசியில் கையால் நிரப்ப வேண்டும். அனுப்பும் முன் இன்னொருவர் படிக்க வேண்டும்.

மூன்று வாரமாக விலை மாறிப் போகவில்லை. நிம்மதி.