பழைய வீட்டை இடித்த குவியலைக் கொளுத்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீடு. பங்காளிகள் பேசி முடித்து இடித்தார்கள். பர்மா தேக்குத் தூண்களும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்விட்டன. உடையாமல் பெயர்ந்த ஆத்தங்குடித் தரைக்கற்களை ஒருவர் எடுத்துக்கொண்டார். வீட்டின் பின்பக்கம், மூன்றாம் கட்டில் ஒரு குவியல் மட்டும் மிச்சம். "ஆச்சி, சாயங்காலம் கொளுத்திவிட்டா காலையில இடம் சுத்தமாயிரும்" என்றார் இடிக்க வந்த மேஸ்திரி. ஆச்சியும் சரி என்றுவிட்டார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். செங்கல், காரை, ஓடு எல்லாம் கறுத்துப்போய் அப்படியே கிடந்தன. அள்ள டிராக்டர் வரத்தான் வேண்டியிருந்தது, அதே லோடு, அதே வாடகை.

முதல் தவறு இந்தக் கணக்குதான். இடித்த ரப்பீஸில், அதாவது இடிபாட்டில், எடைக்கு எடை பார்த்தால் பெரும்பங்கு கல், மண், காரை, எதுவும் எரியாது. எரிவது பிவிசி பைப், வயர், தெர்மாகோல், சிமென்ட் சாக்கு, பெயின்ட் அடித்த பலகை, தின்னர் ஒட்டிய டப்பா. குவியலில் இவை கொஞ்சம்தான், ஆனால் விஷம் இருப்பதும் இவற்றில்தான்.

அந்தக் குவியலில் பாதி எரிந்த ஜன்னல் கதவு ஒன்று கிடந்தது. மேலே பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே ஏதோ காவி. தீபாவளிக்குத் தீபாவளி அடித்த பெயின்ட், அடுக்கடுக்காகக் கொப்புளித்து நின்றது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் தாராளமாக இருந்திருக்கலாம். எரித்தால் அது மறைந்துவிடாது; புகையோடும் சாம்பலோடும் முற்றத்து மண்ணில் இறங்கும். வீணாகப் போகிறதே என்று இந்தப் பலகையை வெந்நீர் அடுப்புக்கு எடுத்து வைப்பவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம்.

வயரை எரித்துச் செம்பு எடுப்பது இன்னொரு பழக்கம். மேலுறை பிவிசி, உள்ளே செம்பு. பிவிசி எரியும்போது வரும் குளோரினும் செம்பும் சேர்ந்தால் டயாக்ஸின் என்ற கொடிய நச்சு உண்டாவது இன்னும் சுலபமாகிவிடும். கத்தியால் உரித்துக் கொடுத்தால் பழைய இரும்புக் கடையில் விலையும் கூடுதல். கருகிய கம்பிக்கு மதிப்பு குறைவு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எரியாதே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று தீயின் நடுவே விட்டுவிடுவார்கள். சூடேறினால் அது பட்டாசு மாதிரி வெடித்துச் சிதறும். நுரையீரலைக் கெடுக்கும் நார் அதில்தான் இருக்கிறது. தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுசாக இறக்கித் தனியாக வைக்க வேண்டும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். "எங்கள் இடம், எங்கள் கொல்லை, யார் கேட்பது?" என்பது இங்கே ரொம்பப் பேர் சொல்லும் வாதம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22-இல் திறந்தவெளியில் கழிவை எரிப்பதை முழுக்கத் தடை செய்தது. சாதாரணமாக எரித்தால் இழப்பீடு 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய். கட்டாவிட்டால் நிலவரிப் பாக்கியைப் போல வசூலிப்பார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986 தனியாக இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் அதில் முன்பிருந்த ஐந்தாண்டு வரையிலான சிறை எடுக்கப்பட்டு, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாறியது. அப்பாடா என்று நினைக்க வேண்டாம். போட்ட அபராதத்தைக் கட்டாமல் விட்டால் சிறைக்கு இன்னும் வழி இருக்கிறது.

கட்டடக் கழிவுக்கென்றே 2025-இல் வந்த புதிய விதிகளில் 20,000 சதுர மீட்டர் என்று ஓர் அளவு வருகிறது. பெரிய பில்டர்கள் கழிவை மறுசுழற்சி செய்தாக வேண்டிய பொறுப்புக்கான அளவு அது. நம் ஊரின் பெரிய வளவு வீடுகூட அந்த அளவைத் தொடாது. அதைப் படித்துவிட்டு "நமக்கில்லை" என்று தீப்பெட்டியைத் தேடுவது தவறான வாசிப்பு; எரிக்கக் கூடாது என்ற தடைக்கும் அந்த அளவுக்கும் சம்பந்தமில்லை.

"நானா கொளுத்தினேன், காண்ட்ராக்டர்தானே" என்பதும் எடுபடாது. கழிவு யாருடைய வேலையில் உண்டானதோ, அதைப் பிரித்து ஒப்படைக்கும் பொறுப்பும் அவருக்கு உண்டு. பங்கு வீடாக இருந்தால் நோட்டீஸ் வந்த பிறகு யார் கட்டுவது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். அதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இருட்டியபின் கொளுத்தினால் புகை தெரியாது என்று நினைப்பதுதான் ஆபத்தில் பெரியது. காரையும் மண்ணும் மேலே மூடியிருக்கும் குவியலில் தீ அணைந்த மாதிரிதான் தெரியும். கருவேல விறகில் கரி மூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். இரண்டு வாளித் தண்ணீர் மேல்மண்ணை நனைக்கும், அவ்வளவுதான். ஆடிக் காற்றில் ஒரு பொறி பக்கத்துக் கருவேலங்காட்டுக்குப் போனால் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவு வரும்: தீயை அலட்சியமாகக் கையாண்டதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போகி அன்று கொளுத்தினால் கேட்க மாட்டார்கள் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக்கும் டயரும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் அறிவிப்பது அந்த நாளுக்காகத்தான்.

எரித்த சாம்பலை ஊருணிக் கரையில் தள்ளுவதை மட்டும் என்னால் ஏற்கவே முடிவதில்லை. மழைத் தண்ணீர் ஊருணிக்கு வந்து சேர எவ்வளவு யோசித்து வாரிக் கால்வாய் வெட்டி வைத்த ஊர் இது!

வேறு என்ன செய்வது? செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் புது வீட்டு பேஸ்மென்ட் நிரப்ப உதவும். முழு நாட்டு ஓட்டுக்கு வாங்க ஆள் உண்டு. பைப், வயர், சாக்கு எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு. மிஞ்சியதை எங்கே கொட்டுவது என்று காரைக்குடிக்காரர்கள் மாநகராட்சியிலும், மற்றவர்கள் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ இடிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இடித்த பிறகு கேட்டால் குவியலைப் பார்த்துக்கொண்டே நாள் ஓடும், யாராவது ஒருவர் தீப்பெட்டியை எடுத்துவிடுவார்.

அப்புறம் கூலி பேசும்போதே "எதையும் எரிக்கக் கூடாது, குவியலை அள்ளித் தர வேண்டும்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையில் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். டிராக்டர் கடைசி லோடு ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகு கொடுத்தால் போதும்.