போலோ ஜிடி வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் ஃபோக்ஸ்வாகன் போலோ காரின் உற்பத்தி 2022-ல் நின்றுவிட்டது. ஆனாலும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதன் டர்போ பெட்ரோல் மாடலான நல்ல ஜிடி டிஎஸ்ஐ ஒன்று வந்தால் அதிக நாள் நிற்பதில்லை. 2013-ல் அறிமுகமான 1.2 லிட்டர் டர்போவுக்கு 105 பிஎஸ் சக்தி, 175 நியூட்டன் மீட்டர் டார்க். இன்றைய கணக்கில் இது பெரிய எண் இல்லைதான். ஆனால் அந்தச் சின்ன உடம்புக்கு அது தாராளம். இந்தக் காரை வேகமாக ஓட்டிக் கெடுத்தவர்களைவிட மெதுவாக ஓட்டிக் கெடுத்தவர்களே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

காரணம் டிஎஸ்ஜி என்னும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 1.2 மாடலில் இருப்பது 7 கியர், இரட்டைக் கிளட்ச், இரண்டுமே ஆயிலில் நனையாத டிரை கிளட்ச். கிளட்ச் அரைகுறையாகத் தேய்ந்தபடி வண்டி ஊரும்போது உண்டாகும் சூட்டை இறக்க அதற்கு வழி குறைவு. கத்திப்பாராவில் மாலை ஆறு மணிக்கு பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, முன்னால் போகும் காரின் வாலைப் பிடித்தே நகர்வது கிளட்சுக்குப் பெரிய தண்டனை. ஒன்றிரண்டு கார் நீளம் இடம் விழும்வரை பிரேக்கை நன்றாக அழுத்தி நில்லுங்கள், அப்புறம் ஒரே ஓட்டமாக நகருங்கள். பிரேக்கை முழுதாக மிதித்தால்தான் கிளட்ச் விடுபடும், அரைகுறையாக மிதித்தால் தேய்ந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ நிச்சயம் நுழையும். நுழையட்டும், கியரையும் கிளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டின் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

மேம்பாலச் சரிவிலோ மால் பார்க்கிங் ஏற்றத்திலோ ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்து வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து வைப்பதும் இதே வகைத் தவறு. மேனுவலில் அரைக் கிளட்சில் நிற்பவரைத் திட்டுகிறோம், டிஎஸ்ஜியில் அதையே செய்தால் நமக்கே தெரிவதில்லை. இந்த கியர்பாக்ஸுக்கும் வெப்பத்துக்கும் ஆகாது என்பது கம்பெனிக்கே தெரிந்த விஷயம். 2013-ல் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களில் சிந்தெட்டிக் கியர் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள். பழைய வண்டி வாங்குகிறவர் அந்த வேலை நடந்ததா என்று சர்வீஸ் வரலாற்றில் பார்ப்பது நல்லது. 2020 முதல் வந்த 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருப்பதால் நெரிசலில் இந்தத் தலைவலி இல்லை. ஹூண்டாய் ஐ20 என் லைன் டிசிடி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வைத்திருப்பவர்களுக்கு மேலே நெரிசலுக்கும் ஏற்றத்துக்கும் சொன்னது பொருந்தும், அதுவும் டிரை கிளட்ச்தான்.

அடுத்தது டர்போ. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஐடிலில் விடுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தால் அது தேவையே இல்லை. நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து டீக்கடை வாசலில் சட்டென்று அணைப்பதுதான் கெடுதல். சூடான டர்போவுக்குள் ஓட்டம் நின்ற ஆயில் கருகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிதிப்பது அதைவிட மோசம். கூலண்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நம்பாதீர்கள், ஆயில் சூடாக இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

1.0 டிஎஸ்ஐ மேனுவல் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பழக்கம் உண்டு. மைலேஜ் ஆசையில் டாப் கியரிலேயே ஆயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம்மில் ஓட்டி, ஓவர்டேக்குக்கு கியரைக் குறைக்காமல் முழுதாக மிதிப்பார்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சின்களில் இது ஸ்பார்க்குக்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ள வழி செய்யும், மோசமானால் பிஸ்டனே உடையும். எஞ்சின் ஆயிலுக்காக 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் இதைத் தடுப்பதும் ஒரு நோக்கம். ஆயில் விஷயத்தில் ஃபோக்ஸ்வாகன் 502 00 அங்கீகாரம் டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ஆயிலின் அடர்த்தியைச் சொல்லும் 5டபிள்யூ-40 மட்டும் போதாது. 15,000 கிலோமீட்டர் இடைவெளி என்று புத்தகம் சொன்னாலும் நகர நெரிசலிலேயே ஓடும் வண்டிக்கு 8,000-ல் மாற்றுவது என் பழக்கம். டிப்ஸ்டிக்கைப் பார்க்கவே பார்க்காமல் சர்வீஸுக்கு சர்வீஸ் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்!

பெட்ரோல் பங்கில் விற்கும் இன்ஜெக்டர் கிளீனரை ஊற்றினால் வால்வில் படிந்த கரி போய்விடும் என்பதும் தவறு. இந்த எஞ்சினில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது, காற்று நுழையும் இன்டேக் வால்வின் முதுகைத் தொடுவதே இல்லை. தொடாத இடத்தை எப்படிக் கழுவும்? கரி கூடிப்போனால் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத்தூளைப் பீய்ச்சித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

மலைக்கு வருவோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்காகவே இந்தக் காரை வாங்கினவர்கள் உண்டு. ஏறும்போது எல்லாரும் மேனுவல் மோடிலும் எஸ் (ஸ்போர்ட்) மோடிலும் விளையாடுகிறார்கள், இறங்கும்போது வழக்கமான டி (டிரைவ்) மோடில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார்கள். போலோவின் பின்சக்கரத்தில் இருப்பது டிரம். நாற்றம் வந்தபிறகு யோசிப்பதைவிட, மேனுவல் மோடில் இரண்டாவது கியருக்கு வந்து எஞ்சின் பிரேக்கிங்கில் இறங்குவது மேல். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த ஆயிலை (டாட் 4 தரம்) மாற்றுவதை எந்த ஆர்வலரும் புகைப்படம் எடுத்துப் போடுவதில்லை, அதனாலேயே தள்ளிப்போகிறது.

பணம் செலவழிக்கும் வரிசையும் பெரும்பாலும் தலைகீழ்தான். முதலில் ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி சக்தியும் டார்க்கும் கூட்டுவது), பிறகு எக்ஸாஸ்ட், அதன்பிறகு அலாய், கடைசியில் டயர். அந்த டிரை கிளட்ச் கியர்பாக்ஸின் வடிவமைப்பு எல்லையே 250 நியூட்டன் மீட்டர். தேய்ந்த கிளட்சோடு அதை நெருங்குவது வேண்டாத வேலை. திறந்த கோன் ஏர் ஃபில்டர் சத்தம் நன்றாக இருக்கும், சரி, ஆனால் பானட்டுக்குள் இருக்கும் சுடுகாற்றைத்தான் அது உறிஞ்சும். ஸ்பிரிங்கை மட்டும் தாழ்த்தி ஒரிஜினல் ஷாக்கை விட்டுவைத்தால் நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சத்தமான எக்ஸாஸ்டுக்குப் போலீஸ் அபராதம் போடும். கம்பெனி வடிவமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. செய்த மாற்றத்தை இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் சிக்கல்.

எனக்கு வரிசை போடச் சொன்னால் டயர்தான் முதலில். 185/60 ஆர்15 இருக்கும் வண்டிக்கு 195/55 ஆர்15 போட்டால் மொத்த விட்டம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் குறைகிறது, ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. 17 அங்குலத்துக்குத் தாவினால் பக்கச்சுவர் மெலிந்து, முதல் மழைப் பள்ளத்திலேயே புடைப்பு விழலாம். பழைய வண்டி பார்க்கப் போகும்போது டயர் ஓரத்திலுள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2318 என்றால் 2018-ன் 23-ஆவது வாரம். டயரின் பட்டன் தேயாமல் ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பரை நம்பி மலையேற வேண்டாம், நான்கு டயரின் விலையைக் கழித்தே பேரம் பேசுங்கள்.