கோர்ட் உத்தரவைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

2021 ஏப்ரல் 26. கரூர் தொகுதி வாக்கு எண்ணிக்கையில் கொரோனா பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. தேர்தல் ஆணைய அதிகாரிகள் மீது கொலை வழக்கே போடலாம் என்ற அளவுக்கு நீதிமன்றம் கடுமையாகப் பேச, அன்று மாலை நாடு முழுக்க அதுதான் செய்தி. உத்தரவே போட்டுவிட்டதாக நம்பியவர்களும் உண்டு. ஆனால் எழுத்தில் வந்த உத்தரவில் அந்தப் பேச்சு இல்லை. ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணையில் வாய்மொழியாகச் சொல்வது பதிவேட்டில் சேராது, பதிவில் இல்லாததை எப்படி நீக்குவது என்று மே 6-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிபதிகளின் பேச்சை ஊடகங்கள் வெளியிடத் தடை போடவும் மறுத்தது.

அந்த மறுப்பு சரியானது. திறந்த நீதிமன்றத்தில் நடப்பது மக்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் நீதிபதியின் கேள்வியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாதம் தாங்குகிறதா என்று பார்க்கத்தான் பல நேரம் குடைந்து கேட்கிறார்கள். காலையில் ஒரு தரப்பை வறுத்தெடுத்த பெஞ்ச், பிறகு அதே தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதுவது அபூர்வமே இல்லை.

அடுத்த சறுக்கல், இடைக்காலத் தடையை இறுதித் தீர்ப்பாக நினைப்பது. பல்கலைக்கழகத் துணைவேந்தர்களை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றிய சட்டத் திருத்தங்களுக்கு 2025 மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக்கால அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. ‘சட்டம் ரத்து’ என்று ஒரு பக்கம் கொண்டாட்டம், இன்னொரு பக்கம் கொதிப்பு. ஸ்டே என்றால் மூல வழக்கு முடியும்வரை அந்தப் பிரிவுகளைச் செயல்படுத்தக் கூடாது என்பது மட்டும்தான். செல்லுமா செல்லாதா என்ற கேள்வி அப்படியே நிற்கும். சட்டமன்றம் இயற்றிய சட்டம் செல்லும் என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்க வேண்டும். அதனால் ஒரு சட்டத்துக்கே இடைக்காலத் தடை விதிப்பதில் கூடுதல் நிதானம் வேண்டும் என்பது என் கருத்து.

அந்தத் திருத்தங்கள் சட்டமான கதையில்தான் இன்னும் பெரிய குழப்பம். சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பிய 10 மசோதாக்களை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தது செல்லாது என்று 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. முழு நீதி வழங்கத் தேவையான உத்தரவைப் போட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசமைப்பின் 142-ஆம் பிரிவின் கீழ் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றும் சொன்னது. மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் வகுத்தது. மே மாதம் குடியரசுத் தலைவர் 143-ஆம் பிரிவின்படி 14 கேள்விகளை அனுப்பி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் தந்தது.

உடனே ‘ஏப்ரல் தீர்ப்பு ரத்து’ என்ற பேச்சு பரவியது. இங்கேதான் நின்று படிக்க வேண்டும். 143-இன் கீழ் வருவது ஆலோசனைக் கருத்து, மேல்முறையீடு அல்ல. முடிந்த தீர்ப்பின் மீது இந்த வழியில் மேல்முறையீடு போல உட்கார முடியாது என்பதை 1991-இல் காவிரி விவகாரத்திலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டம் பற்றிய பார்வையைத் திருத்தலாம், வழக்காடிய தரப்புகளுக்குள் முடிவானதைத் தொட முடியாது என்பதை 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டுத் தீர்ப்பை ஒட்டி வந்த 2012 கருத்தும் சொன்னது. ஆகவே ‘இனி இந்தச் சட்டப் பார்வை நிற்குமா’, ‘அந்த 10 சட்டங்களின் கதி என்ன’ என்பவை வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்கான பதிலை மற்றதற்குப் பொருத்தினால் தப்பாகிவிடும்.

சரி, நவம்பர் கருத்தில் யாருக்கு வெற்றி? இந்தக் கேள்வியே ஆளைக் கவிழ்த்துவிடும். நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறை அரசமைப்பில் இல்லை என்றது அந்த அமர்வு. அதே கருத்தில், மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்தி வைக்க ஆளுநருக்கு அதிகாரம் இல்லை என்றும் இருக்கிறது. காரணமில்லாமல் காலவரையின்றி இழுத்தடித்தால், முடிவெடுங்கள் என்று சொல்லும் அளவுக்கு நீதிமன்றம் தலையிடலாம் என்றும் இருக்கிறது. பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இரு தரப்பிலும் நிறைய. என்னைக் கேட்டால், கெடுவை எடுத்துவிட்டு ‘நியாயமான காலம்’ என்று மட்டும் விட்டது, மாநிலங்களை மறுபடி மறுபடி டெல்லிக்கு அலைய வைக்கும்.

இரண்டு நீதிபதிகள் மாறுபட்டால் தலைமை நீதிபதி சொன்னதே செல்லும் என்ற எண்ணமும் தவறு. அதிமுகவின் 18 எம்எல்ஏக்கள் தகுதி நீக்க வழக்கில் 2018 ஜூன் 14 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி சபாநாயகர் உத்தரவு செல்லும் என்றார், நீதிபதி சுந்தர் செல்லாது என்றார். இருவருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். அதனால் மூன்றாவது நீதிபதியிடம் போய், அக்டோபர் 25-இல்தான் செல்லும் என்று முடிவானது.

இன்னொன்று, ‘சுப்ரீம் கோர்ட்டே தள்ளுபடி செய்துவிட்டது’ என்பது. மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் எழுதாமல் தள்ளுபடி செய்தால், ஐகோர்ட் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாக ஆகாது. அதில் தலையிட விரும்பவில்லை, அவ்வளவே. 2000-இல் குன்ஹயம்மது வழக்கிலேயே இதை விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள்.

இத்தனையும் செய்தி படிக்கிறவர்களின் தவறுகள். வழக்குப் போட்டவரையே நேராக அடிக்கும் ஒன்று உண்டு. பட்டா, ஓய்வூதியம், ஆக்கிரமிப்பு என்று அரசமைப்பின் 226-ஆம் பிரிவில், அதிகாரிக்கு உத்தரவிடக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுகிறார்கள். கடைசிப் பத்தியில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: மனுதாரரின் கோரிக்கை மனுவைத் தகுதி அடிப்படையில், சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும்; கோரிக்கையின் தகுதி குறித்து இந்த நீதிமன்றம் கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை. வீட்டில் ‘ஜெயிச்சாச்சு’ என்று இனிப்பு வாங்கிவிடுகிறார்கள். தாசில்தார் கெடுவுக்குள் பரிசீலித்து ‘நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதினால்கூட நீதிமன்ற உத்தரவை அவர் நிறைவேற்றியவராகிறார். அப்புறம் அவமதிப்பு வழக்குப் போட்டுப் பயனில்லை. மேல்முறையீட்டு அதிகாரி இருந்தால் அவரிடம் போக வேண்டும், இல்லாவிட்டால் அந்த நிராகரிப்பை எதிர்த்துப் புதிய ரிட் போட வேண்டும். கெடு தாண்டியும் எந்த முடிவும் எடுக்காமல் இருந்தால்தான் அவமதிப்பு மனுவுக்கு வேலை. அதற்கும் ஓராண்டுக்குள் போக வேண்டும்; உத்தரவின் நகலை அதிகாரியிடம் கொடுத்து, பெற்றதற்கான அத்தாட்சியை வாங்கி வைத்திருக்க வேண்டும்.