ரெண்டு பேருமே தமிழ்தான், அப்புறம் ஏன் சண்டை?

கணவனும் மனைவியும் தமிழ் பேசுகிறவர்கள், இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. வேற்று மொழிக்காரரைக் கட்டிக்கொண்டவர் புரியவில்லை என்றால் கேட்டுவிடுவார். நாம் கேட்பதில்லை, காதில் விழுந்ததை நம் ஊர் அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டு மனசுக்குள் பூட்டி வைக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் சாதாரணமாக உரையாடினால் அது 'கதைக்கிறது'. 'பேசினார்' என்றால் பல நேரம் திட்டினார் என்று பொருள். அங்கிருந்து வந்த கணவரிடம் மதுரைப் பெண் "உங்க அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று நல்ல மனசோடு சொன்னால்கூட அவருக்கு ஒரு நிமிடம் பதறும். பந்தியில் அவர் "காணும் மாமி" என்றால் போதும் என்கிறார், எதையோ காணவில்லை என்று இல்லை. அவர் மனைவியை 'நீர்' என்பதையும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவில் நெருக்கமாகப் பேச அங்கே புழங்கும் சொல் அது.

என்னைக் கேட்டால், இதைவிட ஆழமாகக் காயப்படுத்துவது தமிழ்நாட்டுக்குள்ளேயே நடப்பதுதான். கோயம்புத்தூர்ப் பக்கம் பல வீடுகளில் சின்னக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு, சாப்பிடுங்க" என்பார்கள். அப்படி வளர்ந்த பெண் திருநெல்வேலிக்கு மருமகளாகப் போய், மாமியார் "ஏட்டி, இங்க வா" என்று கூப்பிட்டதும் கூசிப்போகிறாள், ஆனால் மாமியார் தன் சொந்த மகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறார், இவளை மகளாகவே நினைத்துவிட்டதால்தான் அந்த 'ஏட்டி' வருகிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்வதில்லை. அங்கிருந்து கோவைக்கு மாப்பிள்ளையாகப் போகிறவருக்கு இதே கதை தலைகீழாக நடக்கும், பத்து வருஷம் ஆன பிறகும் எல்லாரும் 'வாங்க போங்க' என்பதால் இன்னும் விருந்தாளியாகவே வைத்திருக்கிறார்கள் என்று ஏங்குவார். இரண்டு பக்கமும் பாசம்தான். இந்த இடத்தில் கணவனோ மனைவியோ "எங்க வீட்ல அப்படித்தான், கண்டுக்காத" என்று தட்டிவிடுவது பெரிய தவறு, ஏன் அப்படி என்று உட்கார்ந்து விளக்க வேண்டும்.

இன்னொன்று, துணையின் ஊர்ப் பேச்சைச் சொந்தக்காரர்கள் முன்னால் நடித்துக் காட்டிச் சிரிக்காதீர்கள். அவர்கள் அம்மா பேசுகிற பேச்சு அது.

சந்தேகம் வந்தால் "உங்க வீட்ல இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிடுங்கள். சண்டைக்கு நடுவில் வேண்டாம், அப்போது அது குத்தலாகத்தான் விழும். ராத்திரி சாப்பிட்டு முடித்துச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள்.