மலை ரயில் மாதிரி கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: பலகையில் பள்ளத்தாக்குக்கு இடம் விடுங்கள்

நீலகிரி மலை ரயிலைச் சின்னதாக வீட்டில் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிற பலர் முதல் நாளே ஒரு தப்பு செய்துவிடுகிறார்கள். எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் ஒன்றை வாங்கி, நாலு கால் மாட்டி, மேலே வட்டமாகத் தண்டவாளத்தைப் போட்டுவிட்டு, அப்புறம் காலியாகக் கிடக்கும் மூலைகளில் தெர்மோகோலை அடுக்கி மலை வைக்கிறார்கள். ரயில் ஓடும், விளக்கு எரியும், எல்லாம் சரி. ஆனால் மலை ரயிலின் முகம் மட்டும் அதில் வராது. காரணம் ஒன்றுதான், அந்தப் பலகையில் தண்டவாளத்தைவிடத் தாழ்வான இடமே கிடையாது.

குன்னூருக்கு மேலே பாதையோரமாக எங்கே வேண்டுமானாலும் நின்று பாருங்கள். ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர் மேலே ஏறும், மறுபக்கம் நிலம் கீழே இறங்கிவிடும். சரிவில் அரிந்தெடுத்த ஒரு ஒடுக்கமான படி, அதன் மேல்தான் தண்டவாளம். கேத்தியில் ரயில் நிற்கும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் கீழே விரிகிற பள்ளத்தாக்கைத்தான், தலைக்கு மேலே இருக்கும் மலையை அல்ல. அதனால் முழுப் பலகையை மறந்துவிடுங்கள். ரீப்பர் கட்டையில் ஏணி மாதிரி ஒரு சட்டம் அடியுங்கள், தண்டவாளம் போகும் வழிக்கு மட்டும் ப்ளைவுட் பட்டை வெட்டி, அதைக் குத்துக்கட்டைகள் மேல் உயர்த்தி நிறுத்துங்கள். பட்டைக்குக் கீழே குறைந்தது 15 செ.மீ.யாவது பள்ளம் இருக்கட்டும். இந்த ஒரு வேலையை முதலில் சரியாகச் செய்துவிட்டால் பாதி மலை தானாகவே வந்துவிடும். செய்யாமல் விட்டால் பிறகு எவ்வளவு பச்சை தூவினாலும் அது வராது.

அடுத்தது பேராசை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கி.மீ., அதில் 250 பாலங்கள், 208 வளைவுகள், 16 குகைகள். இந்த எண்களைப் படித்ததும் எல்லாவற்றையும் ஒரே பலகையில் ஏற்றத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்ஓ (HO) என்கிற 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவில், எட்டடி நீளம் என்பது நிஜத்தில் 212 மீட்டர்தான். 46 கி.மீ.க்கு 250 பாலம் என்றால் சராசரியாக 180 மீட்டருக்கு ஒன்று, வளைவு 220 மீட்டருக்கு ஒன்று. அப்படியானால் எட்டடியில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு பாலம், ஒரு வளைவு. குகை? சராசரியில் கிட்டத்தட்ட 3 கி.மீ.க்கு ஒன்று, அதாவது மாதிரியில் 33 மீட்டருக்கு ஒன்று, அதுவும் பெரும்பாலும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில். நாலடிக்குள் மூன்று குகை வைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ரயில் பலகையை விட்டு வெளியே போகிற மூலையை மறைக்க ஒரு குகை போதும், அதை மட்டும் நன்றாகச் செய்யுங்கள்.

வளைவிலும் இதே கதைதான். இந்தப் பாதையின் மிகக் கூர்மையான வளைவு 17.5 டிகிரி, அதாவது சுமார் 100 மீட்டர் ஆரம். 1:87-இல் அது 1.15 மீட்டர். கடையில் ரெடிமேடாக வரும் சாதாரண வளைவுத் துண்டு இதில் பாதிகூட வராது. வீட்டில் எல்லோருக்கும் இடம் இருக்காது என்பது புரிகிறது. அப்படிப்பட்ட நெருக்கமான வளைவுகளை மலைக்குள் மறைத்துவிட்டு, கண்ணில் படும் வளைவையாவது 60 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேஜ் விஷயத்தில் தெரியாமலே மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம். நம் மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது 1000 மி.மீ. நம்மூர் பொம்மைக் கடையில் எளிதாகக் கிடைப்பது 16.5 மி.மீ. தண்டவாளம், அதை 87-ஆல் பெருக்கினால் 1435 மி.மீ., ஐரோப்பாவின் ஸ்டாண்டர்டு கேஜ். அதன் மேல் நீலமும் கிரீமும் அடித்த பெட்டிகளை ஏற்றினால், சக்கரங்கள் அகலமாக விரிந்து, பெட்டி பார்க்கவே வேறு ஊர் ரயிலாகிவிடும். 1:87-க்கு 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும், எச்ஓஎம் (HOm) என்று பெயர் போட்டு வெளிநாட்டுத் தயாரிப்புகள் வருகின்றன. அதே 12 மி.மீ.யில் டிடி (TT) தண்டவாளமும் உண்டு, ஆனால் அது 1:120 அளவுக்கானது, சிலீப்பர்கள் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும், பார்த்து வாங்குங்கள். சின்ன அறை உள்ளவர்களுக்கு நான் சொல்வது வேறு வழி: 1:120-இல் கட்டி, 'N' என்கிற ஸ்கேலின் 9 மி.மீ. தண்டவாளத்தைப் போடுங்கள், கணக்கு 1080 மி.மீ. வருகிறது, மீட்டர் கேஜுக்குக் கிட்டத்தட்ட சரி. நியூசிலாந்தில் 1067 மி.மீ. பாதைகளை மாதிரி செய்பவர்கள் ரொம்ப காலமாக இப்படித்தான் சமாளிக்கிறார்கள். பெட்டியின் உடலை நாமேதான் செய்ய வேண்டியிருக்கும், ஆனால் மோட்டாரும் சக்கரமும் ரெடிமேடாகக் கிடைத்துவிடும்.

ஏற்றத்துக்கு வருவோம். கல்லாறு முதல் குன்னூர் வரை எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறுகிற பல் தண்டவாளம், ஆப்ட் (Abt) முறை, நடுவில் இரண்டு பல்சட்டங்கள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருகிற மாதிரி தள்ளிப் பதித்தது. அதிகபட்ச ஏற்றம் 12-க்கு 1, அதாவது மீட்டருக்கு 8.3 செ.மீ. பல் இல்லாத சாதாரண மாதிரி எஞ்சினை இதில் ஏற்றினால் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். பல் தண்டவாளமும் அதற்கேற்ற எஞ்சினும் ஐரோப்பாவிலிருந்து வாங்கலாம்தான், ஆனால் அந்தச் செலவும், பல் தொடங்கும் இடத்தில் எஞ்சின் முட்டாமல் நுழைய வைக்கும் பாடும், முதல் முயற்சிக்குத் தேவையில்லை. அழகுக்காகச் சும்மா ஒரு பல்சட்டத்தை நடுவில் ஒட்டுபவர்களும் எஞ்சின் அடிப்பாகம் அதில் உரசுகிறதா என்று ஒட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் முதல் பலகைக்குக் குன்னூருக்கு மேலே உள்ள பகுதியைத்தான் எடுக்கச் சொல்வேன். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், எல்லாமே குட்டி நிலையங்கள், அங்கே பல் கிடையாது, ஏற்றம் 25-க்கு 1 அளவில்தான்.

அந்த 25-க்கு 1-ஐயும் அப்படியே வைக்காதீர்கள். வளைவில் உராய்வு கூடும், ஏற்றமும் வளைவும் சேர்ந்து வரும் இடத்தில் எஞ்சின் திணறும். 33-க்கு 1, மீட்டருக்கு 3 செ.மீ., இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கண்ணுக்குச் செங்குத்தாகத் தெரிய வேண்டுமென்றால் நிலையத்தைச் சுத்தமான சமதளத்தில் வையுங்கள், அதன் கடைசியிலிருந்து பாதை எழுவது பளிச்சென்று தெரியும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் பட்டையை மடக்கென்று தூக்கிவிடாமல் 30 செ.மீ. தூரத்துக்காவது மெதுவாக எழ விடுங்கள், இல்லாவிட்டால் பெட்டிகளின் கொக்கி அங்கேதான் கழன்றுகொள்ளும்.

பல் பகுதியைத்தான் செய்வேன் என்பவர்களுக்கு ஒரு விஷயம். எஞ்சினை முன்னால் மாட்டாதீர்கள். அங்கே எஞ்சின் எப்போதும் இறக்கப் பக்கம்தான், மேலே போகும்போது பின்னாலிருந்து தள்ளும். முன்னால் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா, அதனால் ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்பார். அந்தக் காக்கிச் சட்டை மனிதர்களை விட்டுவிட்டால் ரயிலே வெறிச்சோடிவிடும். தள்ளும்போது லேசான பெட்டிகள் வளைவில் தூக்கி எறியப்படும், எடை சேர்க்க வேண்டும். எச்ஓ அளவுக்குப் பொதுவான கணக்கு 28 கிராம், கூடவே ஒவ்வொரு 2.5 செ.மீ. நீளத்துக்கும் 14 கிராம். மீட்டர் கேஜ் பெட்டிக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகப் போதும்.

தண்ணீரை மறக்காதவர்களைப் பார்ப்பது அபூர்வம். மலையில் எங்கெல்லாம் ஒரு மடிப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் மழைத்தண்ணீர் இறங்கும், இறங்கும் தண்ணீர் பாதையைக் கடக்க வேண்டும். அந்த 250 பாலங்களில் பெரும்பாலானவை சின்னச் சின்ன மதகுகள். ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரிந்து இந்தப் பாதை அடைபடுவது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே உங்கள் சரிவை மேலிருந்து விரலால் தடவிக்கொண்டே வாருங்கள், தண்ணீராக இருந்தால் எங்கே ஓடும் என்று கேளுங்கள். தண்டவாளத்தின் மலைப்பக்கம் ஓர் ஒடுக்கமான ஓடை, மடிப்பில் ஒரு மதகு, பள்ளத்துப் பக்கம் கருங்கல் தடுப்புச்சுவர், அதில் வரிசையாக நீர்க்கசிவுத் துளைகள், துளைக்குக் கீழே பாசியின் கரும்பச்சைக் கறை. அந்தக் கறையை ஒரு சன்னத் தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள், சுவருக்கு உடனே நூறு வயது கூடிவிடும்.

பச்சைக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். ஒரே பாக்கெட் பச்சைத்தூளை மலை முழுக்கத் தூவுவது பெரிய பாவம். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2200 மீட்டருக்கு மேல். கல்லாறில் பாக்குத் தோப்பு, ஹில்குரோவ் பக்கம் அடர்ந்த காடு, குன்னூரைச் சுற்றித் தேயிலை, கேத்தியில் கேரட்டும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் விளைகிற அடுக்கு வயல்கள், நடுவே கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்). பாக்கு மரத்துக்குப் பக்கத்தில் கேரட் வயல் வைத்தால் இந்த ஊர்க்காரர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

தேயிலையை உருண்டை உருண்டையாக நடுகிறார்கள். நிஜத்தில் கவாத்து செய்த செடியின் தலை தட்டை. இடுப்பளவு உயரம், 1:87-இல் 1 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ப்பட்டையைச் சின்னச் சின்ன ஒழுங்கற்ற துண்டுகளாக வெட்டி, ஓரத்தைக் கத்தரியால் கலைத்து, சரிவின் உயரக்கோட்டை ஒட்டி வரிசையாக ஒட்டுங்கள். மேலிருந்து கீழே நேர்க்கோடாக வேண்டாம். முதலில் கரும்பச்சை அடித்து, காய்ந்ததும் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் மஞ்சள் கலந்த இளம்பச்சையைத் தொட்டுத் தலையில் மட்டும் தடவினால் கொழுந்து வந்துவிடும். கொழுந்து பறிப்பவர்கள் நடக்க மெல்லிய வழி விட்டு, அங்கங்கே சில்வர் ஓக் மரம் நடுங்கள். காட்டுத் தரைக்கு நன்றாக வெயிலில் காய வைத்த டீத்தூள் சக்கை அருமையாக இருக்கும், ஈரம் மிச்சம் இருந்தால் மட்டும் பூஞ்சை பிடிக்கும். நிஜ மண் பயன்படுத்துவதாக இருந்தால் சலித்த பிறகு ஒரு காந்தத்தை அதில் ஓட்டிவிடுங்கள், இரும்புத்துகள் இருந்தால் மோட்டாருக்குள் போய்விடும்.

கட்டிடங்களில் ஐரோப்பிய கிட் வீடுகளை அப்படியே வைக்காதீர்கள். பழைய நிலையத்துக்குத் தகரக் கூரையும் மஞ்சள் பெயர்ப்பலகையும் போதும். ஊர் வேண்டுமென்றால், ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் ஹட்டி (படகர் ஊர்) வீடுகள், இளஞ்சிவப்பும் நீலமும் அடித்த மொட்டை மாடி, மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியை விட்டுவிட்டு ஐம்பது வருடம் பின்னால் போவதும் நல்ல முடிவுதான், ஆனால் காலத்தை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள்.

கடைசியாக, நம் மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி, ஈரம். பனி உள்ளே வரும் வீட்டில் சாதா ப்ளைவுட் முறுக்கிக்கொள்ளும், தண்ணீர் தாங்கும் ரகம் வாங்கி இரண்டு பக்கமும் விளிம்புகளிலும் பெயின்ட் அடியுங்கள். தெர்மோகோலில் பெட்ரோல் வாடை வரும் ரப்பர் பசையும் ஸ்பிரே பெயின்ட்டும் படக்கூடாது, உருகிக் குழி விழும். ஜல்லி ஒட்ட ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள், பாதை பிரியும் இடத்தில் அசைகிற பாயிண்ட் நாக்குகளை மட்டும் அதில் நனைத்துவிடாதீர்கள். தண்டவாள மூட்டுகளை நம்பி ஒரே இடத்தில் மின்சாரம் கொடுப்பதும் வேண்டாம், ஈரத்தில் மூட்டு கறுத்துவிடும், மூன்றடிக்கு ஒருமுறை வயர் சால்டர் செய்துவிடுங்கள். இதெல்லாம் முடிந்து, மலை எழும்புவதற்கு முன்பே, எல்லாப் பெட்டிகளையும் மாட்டி இரண்டு வாரமாவது ரயிலை ஓட்டிப் பாருங்கள். குகைக்குள் பெட்டி கவிழ்ந்தால் எடுக்க, பின்பக்கமாகக் கை முழுசாக நுழையும் அளவுக்கு ஒரு வழி வைத்த பிறகு பிளாஸ்டரைக் குழையுங்கள்.