ஸ்டென்ட் வைத்தவருக்கு பைபாஸ்: எதைக் கவனிப்பது, எப்படித் தேறுவது

ஸ்டென்ட் என்பது அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்; பைபாஸ் என்பது மார்பைத் திறந்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுக் குழாய் (ஒட்டு) தைக்கும் ஆபரேஷன். ஏற்கெனவே ஸ்டென்ட் இருந்தால், பைபாஸுக்காக அறுத்த நெஞ்செலும்பு ஒன்றுசேரத் தாமதமாகுமோ என்று பயப்பட வேண்டாம், ஆகாது. எலும்புக்கும் ஸ்டென்டுக்கும் தொடர்பில்லை. சிக்கல் வருவது ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையாலும், புது ஒட்டுப் போட ரத்தக்குழாயில் இடம் குறைவதாலும்தான்.

முதலில் காகிதங்கள். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அட்டையைத் தேடி எடுங்கள். வைத்த தேதி, எந்த ரத்தக்குழாய், ஸ்டென்டின் நீளம், விட்டம், மருந்து பூசியதா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆஞ்சியோகிராமின் எழுத்து அறிக்கை மட்டும் போதாது, படம் பதிந்த சிடியும் வேண்டும். சர்ஜன் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். எந்த மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட் வைத்தார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். குழல் நுழைந்த தமனியின் உட்சுவர் சேதமடைந்திருக்கலாம். கைத் தமனியை ஒட்டுக்கு எடுப்பதாக இருந்தால் பெரும்பாலும் மறு கையைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது மாத்திரை. தவறு அதிகம் நடப்பது இங்கேதான். ஆஸ்பிரினைப் பொதுவாக நிறுத்தமாட்டார்கள். அதோடு சேர்த்துச் சாப்பிடும் இரண்டாவது உறைவுத் தடுப்பு மாத்திரையை ஆபரேஷனுக்கு முன் வழக்கமாக இப்படி நிறுத்துவார்கள்: டிகாக்ரெலார் 3 முதல் 5 நாள் முன்பு, குளோபிடோக்ரெல் 5 நாள், பிராசுக்ரெல் 7 நாள். பின்னவை இரண்டும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை நிரந்தரமாக முடக்கிவிடும். புதுத் தட்டணுக்கள் உருவாகி வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். அவசரப்பட்டு அறுத்தால் ரத்தக்கசிவு கூடும், சில சமயம் மார்பைத் திரும்பத் திறக்க நேரிடும். மாறாக, ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்கூட ஆகாதவர் தாமாகவே மாத்திரையை விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பே வரலாம். இப்படிப்பட்டவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்து, குறுகிய நேரமே வேலை செய்யும் ஊசி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன் நிறுத்துவார்கள். நிறுத்தும் தேதியை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், வாய்மொழி வேண்டாம்.

ஒட்டு விஷயத்தில் நீங்கள் செய்ய எதுவுமில்லை, ஆனால் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டென்ட் உள்ள பகுதியில் தையல் போட முடியாது. அதைத் தாண்டிக் கீழே போக வேண்டும். கீழே போகப் போகக் குழாய் ஒடுங்கும். ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மெலிந்த குழாயில் போட்ட ஒட்டு நீடிப்பது கடினம். வரிசையாக நீள ஸ்டென்ட்கள் வைத்தவர்களுக்கு ஒட்டுகளின் எண்ணிக்கை குறையலாம். ஸ்டென்ட் நன்றாகத் திறந்திருந்தால் அந்தக் குழாயை விட்டுவிடுவதும் உண்டு: இரண்டு வழியிலும் ரத்தம் வந்தால் ஒட்டில் ஓட்டம் குறைந்து அது சுருங்கிப்போகும். "நாலு அடைப்பு, ரெண்டுதான் போட்டாங்களா?" என்று கலங்க வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து, மார்பிலிருந்து ரத்தம் வடிய வைத்த குழாயில் வரும் ரத்தம் அடங்கியதும், பெரும்பாலும் முதல் நாளுக்குள் ஆஸ்பிரின் ஆரம்பிப்பார்கள். இரண்டாவது மாத்திரை திரும்ப உண்டா, எத்தனை மாதம் என்பதை வீட்டுக்குக் கிளம்பும் முன் கேளுங்கள்; சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களின் சீட்டில் அது விடுபட்டால் ஆபத்து. இரண்டு முதல் நான்காம் நாளுக்குள் பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதற்காக வேறு உறைவுத் தடுப்பு மருந்தும் சேர்ந்தால், எதை எப்போது விடுவது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். கருநிற மலம், ஈறில் ரத்தம் இருந்தால் உடனே சொல்லுங்கள்.

வீட்டில் மற்ற பைபாஸ்காரர்களுக்கான விதிகள்தான். ஏறக்குறைய 12 வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள், இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், நடையை ஐந்து பத்து நிமிடத்தில் தொடங்கிக் கூட்டுங்கள். புண்ணில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, எலும்பில் 'கடக்' என்று அசைவு தெரிந்தாலோ காத்திருக்காதீர்கள்.

வலியைப் பிரித்தறியப் பழகுங்கள். இருமினால், புரண்டால், அழுத்தினால் கூடுவது பெரும்பாலும் எலும்பு வலி. பாரம் வைத்தாற்போல் நெஞ்சு இறுகி, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். பைபாஸ் ஆனாலும் பழைய ஸ்டென்ட் உள்ளேயே இருக்கிறது, அதுவும் அடைபடக்கூடும். பின்னாளில் பல் பிடுங்கவோ வேறு ஆபரேஷனுக்கோ யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால், முதலில் இதய மருத்துவரைக் கேளுங்கள். ஸ்டென்ட் அட்டையையும் கூடவே காட்டுங்கள்.