ஸ்டீம் அட்டைப்படம்: 120 பிக்சலில் காணாமல் போகும் ஓவியங்கள்

கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு விளையாட்டின் அட்டைப்படத்தைக் கேப்சூல் என்பார்கள். ஓவியர் அதைப் பெரிய திரையில் பெரிதாக்கி வைத்து வரைகிறார். வாங்க வருபவரோ தேடல் பட்டியலில், கட்டைவிரல் நகம் அளவில், இருபது முப்பது படங்களுக்கு நடுவே பார்க்கிறார். இதை மறந்துவிட்டு வரைவதுதான் சிறு குழுக்கள் செய்யும் பெரிய தவறு. மற்றவற்றில் பாதி இதிலிருந்து கிளைப்பவைதான்.

கணக்கைப் பாருங்கள். சிறிய கேப்சூலை 462×174 பிக்சலில் ஏற்றச் சொல்கிறது ஸ்டீம். அதிலிருந்து 184×69, 120×45 என்ற இரண்டு அளவுகளைத் தானே சுருக்கி எடுத்துக்கொள்கிறது. 462 அகலம் 120 ஆகிறதென்றால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 40 பிக்சல் உயரமாக இருந்த எழுத்து 10 பிக்சலாகிவிடும். 3 பிக்சல் கனமுள்ள கோடு ஒரு பிக்சலுக்கும் கீழே போய்ப் பின்னணியில் கரைந்துவிடும். நாயகனின் முகபாவம், கையிலிருக்கும் வாளின் வேலைப்பாடு, தூரத்துக் கோட்டை எதுவும் மிஞ்சாது.

அதனால் பெரிய படத்தைச் சுருக்கி அப்படியே சிறிய கேப்சூலாக ஏற்றாதீர்கள். அதைத் தனியாக வடிவமைக்க வேண்டும். பெயர் அந்தச் சட்டத்தை ஏறக்குறைய முழுவதுமாக நிரப்பட்டும். பின்னணிக்கு ஒரு நிறத் திட்டும், இடமிருந்தால் ஒரேயொரு உருவமும் போதும். துணைத்தலைப்பு இருந்தால் இந்த அளவில் மட்டும் விட்டுவிடுங்கள். 45 பிக்சல் உயரத்தில் இரண்டு வரி எழுத்தை அடுக்கினால் இரண்டுமே படிக்க முடியாமல் போகும்.

பெயர் எழுத்தில் இன்னொரு வழுக்கல் உண்டு. திகில் விளையாட்டென்றால் ரத்தம் வழியும் எழுத்து, மாயாஜாலமென்றால் கொடிபோல் சுருளும் எழுத்து என்று லோகோவை அழகுபடுத்துவார்கள். அழகு தவறில்லை. ஆனால் எழுத்தின் உருவம் முதலில் நிற்க வேண்டும். தடித்த எழுத்து, அதைச் சுற்றி ஒரே நிற வெளிக்கோடு, பின்னால் அமைதியான பரப்பு என்று தொடங்கி, படிக்க முடிகிற வரைக்கும் மட்டும் அலங்காரத்தைச் சேர்த்துக்கொண்டு போங்கள். எழுத்துக்குப் பின்னால் மரக்கிளை, பொறி, புகை என்று நெரிசலாக இருந்தால் எவ்வளவு நல்ல எழுத்துருவும் காப்பாற்றாது.

தமிழில் பெயர் வைத்த விளையாட்டுக்கு இது இன்னும் கடினம். ஆங்கிலப் பெயரை முழுக்கப் பெரிய எழுத்துகளில் ஒரே உயரத்தில் நிறுத்திவிடலாம். தமிழில் இகரக் குறி மேலே ஏறும், உகரக் குறி கீழே இறங்கும். அவற்றுக்கு இடம் விட்டால் எழுத்தின் உடல் இன்னும் சிறுத்துவிடும். ண, ன, ணை போன்றவற்றின் சுழிகள் சுருங்கும்போது அடைபட்டு ஒரே கறுப்புப் பொட்டாகும். சுழிகளின் உள்வெளி அகலமாக உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், வெளிக்கோட்டின் கனத்தைக் குறையுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான உரை அமைப்பை இயக்காமல் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத ஓவியருக்கு அது தெரியவே தெரியாது. பெயரை நீங்களே சரிபார்த்து, வடிவமாக மாற்றிய கோப்பைக் கொடுப்பதே பாதுகாப்பு.

ஒரே ஓவியத்தை எல்லாச் சட்டத்துக்கும் வெட்டுவது

ஸ்டீம் கேட்கும் மற்றச் சட்டங்கள் இவை: தலைப்புக் கேப்சூல் 920×430, முதன்மைக் கேப்சூல் 1232×706, செங்குத்துக் கேப்சூல் 748×896, வாங்கியவரின் விளையாட்டுப் பட்டியலான நூலகத்தில் தெரியும் நூலகக் கேப்சூல் 600×900, நூலகத்தின் மேலே விரியும் அகலப்படம் 3840×1240. சிறிய கேப்சூல் உயரத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் அகலமானது. நூலகக் கேப்சூலோ அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு உயரமானது. ஒரே படத்தை வெட்டி இத்தனைக்கும் பொருத்தினால் எங்காவது தலை போகும், எங்காவது பெயர் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இதற்கு வழி வரைவதற்கு முன்பே இருக்கிறது. உருவங்கள், பின்னணி, லோகோ மூன்றையும் தனித்தனி லேயரில், அதாவது ஒன்றைத் தொடாமல் மற்றதை நகர்த்தக்கூடிய அடுக்குகளில், கேளுங்கள். உருவத்துக்குப் பின்னாலும் பின்னணி முழுமையாக வரையப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் உருவத்தை நகர்த்தினால் ஓட்டை தெரியாது. முதல் ஓவியத்துக்குப் பணம் கொடுத்த பிறகு இதைக் கேட்டால், பெரும்பாலும் இன்னொரு ஓவியத்தின் விலை ஆகும். லேயர் கோப்பு உங்களிடம் வந்து சேரும் என்பதும், கடைப்பக்கம், விளம்பரம், அச்சு எல்லாவற்றிலும் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

நூலகத்து அகலப்படத்தில் பெயரோ வேறு எழுத்தோ இருக்கக் கூடாது. லோகோவைப் பின்புலம் இல்லாத பி.என்.ஜி. கோப்பாகத் தனியே ஏற்றினால் ஸ்டீம் மேலே வைத்துக் காட்டும். திரையின் அகலத்துக்கு ஏற்ப ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால், முக்கியமானதை நடுவிலுள்ள 860×380 பகுதிக்குள் வைக்க வேண்டும்.

எந்த வகை என்று சொல்லாத படம்

ஒரு வீரன் முதுகைக் காட்டி மலையுச்சியில் நிற்கிறான், எதிரே சூரியன் மறைகிறது. ஓவியமாக நன்றாகவே இருக்கும். ஆனால் அது சீட்டுக்கட்டு விளையாட்டா, வியூக விளையாட்டா, தாவிக் குதிக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. நகரம் கட்டும் விளையாட்டை விரும்புகிறவர் மேலிருந்து சாய்வாகத் தெரியும் கட்டடங்களைத் தேடுகிறார். சீட்டுக்கட்டு ரசிகர் சீட்டுகளைத் தேடுகிறார். அவர்கள் பழகிய அடையாளத்தைக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வகையில் நன்றாக விற்கும் எட்டுப் பத்து விளையாட்டுகளின் அட்டைகளை ஒரே பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். கோணம், நிறம், உருவத்தின் அளவு ஆகியவற்றில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் அந்த வகையின் மொழி. அதைப் பேசிவிட்டு, உங்கள் விளையாட்டுக்கே உரிய ஒன்றை அதில் சேருங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் கேடு. உள்ளே பிக்சல் ஓவியம் இருக்க, அட்டையில் எண்ணெய் வண்ணம் போல வரைந்த ராட்சதப் போர்க்காட்சி. கிளிக் வரும். பக்கத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் ஏமாந்துபோய் வெளியேறுவார்கள். வாங்கியவர்களுக்கும் வழி இருக்கிறது: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும். அட்டை உள்ளிருப்பதைவிட அழகாக இருக்கலாம். வேறொன்றாக இருக்கக் கூடாது.

இருட்டில் இருட்டு

ஸ்டீமின் பக்கம் கருநீலம். அதன்மேல் கருநீல இரவு, கறுப்புக் காடு, சாம்பல் நிற வீரன் என்று வைத்தால் சட்டத்தின் ஓரமே தெரியாமல் போகும். திகில் விளையாட்டுகளில் இது அடிக்கடி நடக்கிறது. இருட்டு வேண்டுமென்றால் இருக்கட்டும். அதில் ஒரு வெளிச்சத் திட்டு வேண்டும், பெயரோ முகமோ அதன்மேல் விழ வேண்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் வண்ணத்தில் பிரிந்து தெரிந்தாலும் வெளிச்ச அளவு ஒன்றாக இருந்தால் ஒரே சாம்பலாகிவிடும். அப்படி ஆனால் நிறத்தை மாற்றிப் பயனில்லை, வெளிச்ச அளவையே மாற்ற வேண்டும். கோப்பை எஸ்.ஆர்.ஜி.பி. வண்ண முறையில் சேமிக்காவிட்டால் நிறங்கள் வெளிறித் தெரியும் என்பதையும் ஓவியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேப்சூலில் விருதுப் பட்டை, மதிப்பெண், விமர்சன வரி, "தள்ளுபடி", அடுத்த பாகத்துக்கான விளம்பரம் எதையும் போடாதீர்கள். 2022 செப்டம்பர் முதல் ஸ்டீம் அனுமதிப்பவை விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு மட்டுமே. மீறினால் கடையில் கண்ணில் படுவது குறையும், அதிகாரபூர்வத் தள்ளுபடி விழாக்களில் இடம் கிடைக்காது. பெரிய அப்டேட் வரும்போது அதைச் சொல்லும் தற்காலிகப் படத்தை ஒரு மாதம் வரை வைக்கலாம். அதற்குத் தனி வசதி இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். செயற்கை நுண்ணறிவால் படம் உருவாக்கியிருந்தால் உள்ளடக்கப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். 2024 ஜனவரி முதல் அதைக் கேட்கிறார்கள்.

வேறு கடைகளுக்கு இதையே தூக்கிப் போடவும் முடியாது. சிறு குழுக்களின் விளையாட்டுகளை விற்கும் இட்ச்.ஐஓ தளம் பரிந்துரைக்கும் அட்டை 630×500, கூகுள் பிளேயின் சிறப்புப் படம் 1024×500. பிளேயில் அட்டையைவிட 512×512 ஐகான்தான் முதலில் கண்ணில் படும். அதில் பெயர் எழுத இடமே கிடையாது.

சோதிக்காமல் ஏற்றுவது

ஓவியரிடம் முதலில் நாலைந்து சிறு முன்வரைவுகள் கேளுங்கள். அவற்றை 120 பிக்சல் அகலத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த அளவில் தோற்கிற முன்வரைவு, பத்து நாள் உழைத்து முடித்த பிறகும் தோற்கும். படம் தயாரானதும் ஸ்டீமின் புதிய வெளியீட்டுப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நடுவில் ஒன்றின்மேல் உங்களுடையதை ஒட்டுங்கள். விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் இரண்டு விநாடி காட்டி எடுத்துவிடுங்கள். என்ன பெயர், எந்த மாதிரி விளையாட்டு என்று கேளுங்கள். "நல்லாயிருக்கா?" என்று கேட்காதீர்கள், நண்பர்கள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

ஏற்றிய பிறகு, விளையாட்டு தயாரிப்பாளர்களுக்கான ஸ்டீமின் தளமான ஸ்டீம்வொர்க்ஸின் டிராஃபிக் அறிக்கையில் எத்தனை முறை கண்ணில் பட்டது, அதில் எத்தனை முறை பக்கத்துக்கு வந்தார்கள் என்று பாருங்கள். மொத்த எண்ணை ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். தள்ளுபடி வாரமும் சாதாரண வாரமும் ஒன்றல்ல, தேடலில் வருகிறவரும் முகப்பில் பார்க்கிறவரும் ஒன்றல்ல. ஒரே வழியாக வந்தவர்களை, ஒத்த இரண்டு வாரங்களில் ஒப்பிடுங்கள். பெயரைப் படிக்க முடியவில்லை என்று சோதனையில் தெரிந்திருந்தால் லோகோவை மட்டும் மாற்றி ஏற்றிவிட்டு, ஓவியத்தை அப்படியே விட்டு வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று அறிக்கை சொல்லாது.